துப்பாக்கி ஊசி

எங்கள் வீட்டு வாசற்கதவின் உட்புறச் சுவரில் வரிசையாகக் கொக்கிகள் அறையப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஆளுக்கொரு பை தொங்குகிறது. குடை மாட்டுவதற்கோ சட்டை மாட்டுவதற்கோ அந்தக் கொக்கிகளை எவரும் பயன்படுத்துவதில்லை. ஒவ்வொரு பையிலும் ஒரு மாற்று உடை, ஒரு சோப்பு, நூலும் ஊசியும், ஒரு கரண்டி, ஒரு சீப்பு, ஒரு துப்பாக்கி ஊசி ஆகியவை இருக்கும். இறுதியாகக் கூறப்பட்ட பொருள் சற்று விளக்கம் வேண்டுவது. கடைகளில் கொண்டை ஊசி என்ற பெயரில் விற்கப்படுவதே அது. எங்கள் வாசலைக் கடந்து உள்ளே வந்தவுடன் அதன் பெயரும் பணியும் மாறிவிடுகின்றன.

நான் இவ்வீட்டிற்கு மருமகளாக வந்த புதிதில், எனக்குரிய பையை என் மாமனாரே தம் கையால் கட்டிக் கொடுத்தார்.

"மாமா, கொண்டை ஊசி ஒண்ணு போதாதே. எனக்கு நாலு ஊசியாவது வேணும்" என்றேன்.

"கொண்டைக்கு இல்லம்மா. துப்பாக்கிப் பூட்டுல மணல் போயிடுச்சுன்னா நோண்டி எடுக்கறதுக்கு."

"நம்ம வீட்ல துப்பாக்கி இருக்கா மாமா?"

"இல்ல. ஊசி இருக்கு."

தலையில் பெயருக்குக்கூட முடியில்லாத என் கொழுந்தனாரின் பையிலும் ஒரு சீப்பும் ஒரு துப்பாக்கி ஊசியும் இருப்பதைப் பின்னர் கண்டேன். சீப்பு எதற்கென்று அவரிடம் கேட்டதற்கு, "பட்டாள ஒழுங்கு அண்ணி. முடி இருக்கறவனுக்கு மட்டும்தான் ஒழுங்கா?" என்றார்.

அழைப்பு வந்த நொடியில் புறப்படுவதற்கான இந்த ஒழுங்குகள் யாவும் பட்டாளத்தார் வகுத்தவை என்பது குடும்பத்தினரின் உறுதியான நம்பிக்கை. பட்டாளத்தார் என்று தெரு முழுவதும் அழைக்கும் அப்பெரியவர் என் மாமனாரின் தாத்தா ஆவார். நாங்கள் நடத்தும் சலவைக்கடையின் முகப்பில், துணி வாங்கும் மேசைக்கு நேர் மேலே, அவருடைய படம் மாட்டப்பட்டுள்ளது. அருகில் நிற்கும் மற்ற வீரர்களின் தொப்பிகள் அவருடைய தோளுக்குத்தான் எட்டுகின்றன. அந்த உயரம் குடும்பத்து ஆண்கள் அனைவருக்கும் வாய்த்திருக்கிறது. படத்தின் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதனுள்ளே காக்கித் துணியில் தைத்த, தோல் வார் கொண்ட ஒரு தோள்பை. அதுவே பட்டாளத்தாரின் பை. கொக்கிகளில் தொங்கும் பைகள் அனைத்திற்கும் மூலம்.

துணி கொடுக்க வருபவர்களுக்கு மாமா அவருடைய வரலாற்றைச் சொல்லும்போது நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். இளமையில் தம் தந்தையோடு ஏற்பட்ட வாய்ச்சண்டையில், சாப்பாட்டின் நடுவே கையைக்கூடக் கழுவாமல் எழுந்து சென்று, பட்டாளத்தார் படையில் சேர்ந்தார். மணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்த மனைவியிடமும் அவர் சொல்லிக்கொள்ளவில்லை. பீரங்கிச் சத்தத்தில் ஒரு காது மந்தமாகி, சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தார். எங்கள் வீட்டில் அனைவரும் உரத்த குரலில் பேசுவதற்கு அந்தக் காதே மூலகாரணம் என்பர். ஒரு மகன் பிறந்தான். அவரே என் மாமனாரின் தந்தை. அச்சிறுவன் ஓடியாடும் வயதை எட்டியபோது மீண்டும் போர் மூண்டது. படை அவரை மறுபடியும் அழைத்தது. மனைவியும் மகனும் வாசற்படியில் நிற்க, பட்டாளத்தார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பிப் பாராமல் நடந்தார். போர் முடிந்து வந்தபின், பாசறையில் கற்ற சலவைத் தொழிலைக் கொண்டு இக்கடையைத் தொடங்கினார்.

இந்த வரலாற்றிலிருந்து குடும்பத்திற்கு ஒரு சட்டமும் கிடைத்தது. வெளியூருக்கு வேலைக்குச் செல்பவர் தனியாகவே செல்லவேண்டும். மற்றவர்கள் வாசற்படியிலேயே நின்று வழியனுப்பவேண்டும். எவரும் படியைத் தாண்டி இறங்கலாகாது.

இச்சட்டம்தான் என் வாழ்க்கையில் குறுக்கே வந்து நின்றது.

என் கணவர் வெல்டர். பாலங்கள் கட்டும் நிறுவனங்களுக்காக ஊர் ஊராகச் சென்று வேலை செய்பவர். சென்ற முறை ஒரு துறைமுகப் பணிக்காக, எங்கள் மகள் வாண்டு தவழும்போது போய், அவள் வாய் ஓயாமல் பேசும்போது திரும்பினார். அவர் கடைக்குள் நுழைந்ததும் வாண்டு படுக்கை விரிப்புக் குவியலின் பின்னால் ஒளிந்துகொண்டாள். பின்பு அங்கிருந்தே உரக்கக் கூவினாள்: "அம்மா, கடைக்கு ஆள் வந்திருக்கு. துணி கொண்டுவரல!"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரித்தவாறே பெட்டியைக் கீழே வைக்க மறந்து வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். ஆகவே, பெரிய ஆற்றுப்பாலம் ஒன்றில் மூன்றாண்டுப் பணி அவருக்குக் கிடைத்து, குடும்பத்தோடு தங்க வீடும் தருவதாக நிறுவனம் அறிவித்தபோது, இம்முறை நானும் வாண்டும் உடன் செல்வது என்று மனத்திற்குள் முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்வது எளிது. மாமாவிடம் சொல்வதல்லவா கடினம்.

இஸ்திரி மேசையின் முன் அவர் நின்றுகொண்டிருந்த ஒரு முற்பகலில் பேச்சைத் தொடங்கினேன்.

"அங்க ரெண்டு ரூம் வெச்ச வீடு தர்றாங்க மாமா. பள்ளிக்கூடமும் பக்கத்துலயே இருக்காம்."

மாமா ஒரு சட்டையின் கழுத்துப்பட்டையைத் திருப்பிப் போட்டார். "போறவன் ஒருத்தன்தாம்மா. நிக்கறவங்க மிச்சம் எல்லாரும். இந்த வீடு அப்படித்தான் நின்னிருக்கு."

"காலம் மாறிப் போச்சே மாமா."

"பட்டாளத்தார் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டா சண்டைக்குப் போனாரு? அந்தம்மா இங்க இருந்து வீட்டைக் கட்டிக் காத்துச்சு. எங்கப்பாவை ஒத்தையில வளத்துச்சு. அதனாலதான் இன்னிக்கு நாம நாலு பேரு நிக்கறோம்."

நான் என் கணவரை நோக்கினேன். இரும்பைப் பற்றவைப்பது அவருடைய தொழில்; தந்தையின் முன்னிலையில் அவருடைய வாயும் பற்றவைக்கப்பட்டுவிடும். ஆயினும் அன்று அவர் முயன்றார். "அப்பா, சண்டைக்கா போறேன்? பாலம்தானே" என்றார்.

"பாலம்னா என்ன? கீழ தண்ணி ஓடுதுல்ல?" என்றார் மாமா.

அப்போது, துணிகளை மடித்துக்கொண்டிருந்த என் மாமியார் நடுவே வந்து ஒரு வழி சொன்னார்.

"ஏங்க, இவ போய்ட்டு வரட்டுமே. குழந்தையை நான் பாத்துக்கறேன். இவளுக்குப் புருஷன் கூட இருந்த மாதிரியும் ஆச்சு, நமக்குப் பேத்தி கூட இருந்த மாதிரியும் ஆச்சு. வீடும் காலியாகாது."

மாமா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அதை வேணா யோசிக்கலாம்" என்றார்.

என் மாமியார் நல்லெண்ணத்தோடுதான் கூறினார். ஆனால் வாண்டுவை விட்டுச் சென்றால், மூன்றாண்டுகளுக்குப் பின் துணி கொண்டுவராமல் கடைக்கு வரும் ஆள் நானாக இருப்பேன். மறுத்தாலோ, அவர் மறுபடியும் தனியே செல்வார். இரண்டில் எது குறைந்த துன்பம் என்று எடை போட்டவாறே சில நாட்களைக் கழித்தேன்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பு, எங்கள் வீட்டுப் பைகள் அனைத்தும் கொக்கியிலிருந்து இறக்கப்பட்டு, வெயிலில் உலர்த்தப்பட்டு, மீண்டும் கட்டப்படுவது வழக்கம். அவ்வாண்டு அந்த வேலை, என் கணவர் புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையில் அமைந்தது. முற்றத்தில் கயிற்றுக்குக் கயிறு பைகள் தொங்கின. கரண்டிகள் ஒரு தட்டில், சீப்புகள் ஒரு தட்டில், துப்பாக்கி ஊசிகள் ஒரு கிண்ணத்தில்.

முற்றத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டுக் குட்டியத்தை அமர்ந்திருந்தார். அவரைப்பற்றி இங்குக் கூறவேண்டும். அவர் பட்டாளத்தாரின் கடைசி மகள். போருக்குப் பின், அண்ணன் வளர்ந்து நின்ற காலத்தில் பிறந்தவர். என் மாமனாருக்கு அத்தை. வயது எண்பதை நெருங்கியும் குட்டி என்ற பெயர் அவரை விட்டு நீங்கவில்லை. உருவமும் அப்பெயருக்கு இசைந்ததே. சலவைக்கு வரும் சட்டைகளில் உதிர்ந்த பொத்தான்களைத் தைப்பது அவருடைய பொறுப்பு. துப்பாக்கி ஊசியின் பயனை மாமா எவருக்கேனும் விளக்கும் வேளைகளில் எல்லாம் குட்டியத்தைக்கு இருமல் வந்துவிடும். பஞ்சுத்தூசி ஒவ்வாமை என்று நாங்கள் கருதியிருந்தோம்.

அன்று மாமா எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பட்டாளத்தாரின் பையை இரு கைகளாலும் ஏந்தி வந்தார். அது வெளியே எடுக்கப்பட்டதை என் கணவர்கூட அதுவரை கண்டதில்லை.

"பெரிய ஆறு. பெரிய பாலம். இதை நீதான் எடுத்துட்டுப் போகணும்" என்றார் மகனிடம்.

என் கணவரின் கண்கள் கலங்கிவிட்டன. அவர் குனிந்து, வாரைத் தலைவழியே கழுத்தில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். பை இடுப்புக்கு வரவில்லை. அக்குளுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது.

"என்னண்ணே, பால் புட்டியைக் கக்கத்துல இடுக்கின மாதிரி இருக்கு!" என்றார் கொழுந்தனார்.

"வாரைத் தளர்த்துடா" என்றார் மாமா.

தளர்த்த இயலவில்லை. பித்தளைக் கொக்கி ஒரு துளையில் பச்சை பிடித்து இறுகிப்போயிருந்தது. அந்த ஒரு துளை மட்டும் தேய்ந்து அகன்றிருந்தது. அதற்கு அப்பால் இருந்த துளைகள் எல்லாம் புத்தம் புதியவை போலக் கூர்மையாக இருந்தன.

"தோல் சுருங்கியிருக்கும்" என்றார் மாமா.

"இவ்வளவா?" என்றார் மாமியார். சலவைக்காரர் வீட்டில் சுருக்கத்தைப்பற்றி எவரையும் எளிதில் ஏமாற்ற முடியாது.

"அவரு மார்போட ஏத்திக் கட்டியிருப்பாரு. ஓடும்போது ஆடாம இருக்க." மாமா விடவில்லை. "பட்டாள முறை."

"அப்போ துப்பாக்கியை எங்க மாட்டுவாரு? காதுலயா?" என்றார் கொழுந்தனார்.

வாண்டு இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பாக்குப் பத்தல. அம்மா போடு" என்றாள்.

குழந்தை சொன்னதற்காக, விளையாட்டாகவே வாங்கி மாட்டிக்கொண்டேன். இக்குடும்பத்து ஆண்களின் மார்புயரம்தான் நான். பை சரியாக என் இடுப்பில் வந்து அமர்ந்தது. கையைத் தொங்கவிட்டால் விரல்கள் நேராக மூடியில் பட்டன. எனக்கென்று அளவெடுத்துச் செய்ததைப் போலிருந்தது.

அதன்பின் குட்டியத்தைக்கு இருமல் வந்தது. அது இருமலன்று, சிரிப்பு என்பதை அன்றுதான் அறிந்தோம்.

"எதுக்கு அத்தை சிரிக்கறீங்க?" என்றார் மாமா.

"அது எங்கம்மா பைடா."

"யார் பை?"

"எங்கம்மா. உங்கப்பனைப் பெத்தவ. இந்தப் பொண்ணு உசரந்தான் இருப்பா." குட்டியத்தை கண்களைத் துடைத்துக்கொண்டார். "எங்கப்பா மொத தடவை சொல்லாம கொள்ளாம போனாருல்ல? திரும்பி வந்த அன்னிக்கே அம்மா ஒரு பையைக் கட்டிக் கதவுக்குப் பின்னால மாட்டிட்டா. 'இனிமே நீங்க எங்க போனாலும் நானும் வருவேன். கிளம்ப எனக்கு நேரம் வேணாம்'னு சொல்லிட்டாளாம்."

"அப்போ கரண்டி?" என்றார் மாமா.

"போற இடத்துல அவ சாப்பிட வேணாமா?"

"அப்போ ஊசி?" என்றார் கொழுந்தனார், கிண்ணத்தை நோக்கியபடி.

"கொண்டைக்குடா, மொட்டையா!"

கொழுந்தனார் தம் தலையைத் தடவிக்கொண்டார். என் மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

"ரெண்டாவது தடவை அழைப்பு வந்தப்போ?" என்று கேட்டார்.

"அப்பா செருப்பு மாட்டறதுக்குள்ள அம்மா பையோட தெருவுல நின்னா. பட்டாளத்துல பொம்பளைக்கு என்ன வேலைன்னு கேட்டாங்களாம். துணி துவைக்க ஆள் வேணும்தானேன்னா. சேத்துக்கிட்டாங்க. இந்தத் தொழிலே அவ கொண்டாந்ததுதான். எங்கப்பாவுக்கு இஸ்திரி போடவே தெரியாது. காலரைக் கருக்கிடுவாரு."

மாமா படம் இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தார். பின்பு குரலைத் தாழ்த்தி, "எங்கப்பா எங்க இருந்தாரு?" என்றார். எங்கள் வீட்டில் அவ்வளவு தாழ்ந்த குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

குட்டியத்தையின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல நீங்கியது.

"பாசறைக்குள்ள குழந்தை கூடாதுன்னுட்டாங்க. எங்கம்மாவோட தம்பி வந்து இந்த வீட்ல தங்கிப் பாத்துக்கிட்டாரு. பின்னாலயே ஓடி வந்துடுவானோன்னு அம்மாவுக்குப் பயம். வாசப்படியில நிக்க வெச்சு, 'அம்மா வர்ற வரைக்கும் படியைத் தாண்டாதே, கண்ணு'ன்னு சொல்லிட்டுப் போனாளாம். அண்ணன் தாண்டல. திரும்பி வந்தப்போ இவ யாருன்னே அவனுக்குத் தெரியல. ரொம்ப நாள் கிட்டயே வரலயாம். எனக்குத் தலை வாரி விடும்போதெல்லாம் அம்மா இதைத்தான் சொல்வா. அண்ணன் தலையைத் தொட விடவே இல்லையாம்."

"எங்கப்பா அப்படிச் சொல்லலயே அத்தை. அம்மா கூடவே நின்னாங்கன்னுதானே சொன்னாரு."

"ஆமா. வளந்ததுக்கு அப்புறம் அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்வான். ஒரு தடவை நான் குறுக்க பேசப் போனேன். அம்மா என் கையைப் பிடிச்சுட்டா. 'விடுடி. அவன் கதையிலயாவது நான் வீட்லயே இருந்துட்டுப் போறேன்'ன்னா."

"எங்கப்பா காலமானதுக்கு அப்புறமாவது எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"யாருடா கேட்டீங்க? ஊசியைக் காட்டித் துப்பாக்கிங்கறீங்க. நானும் எத்தனைதான் இருமறது?"

மாமா கடைக்குள் சென்றார். ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போடும் பழக்கம் எங்களிடம் இல்லை. ஆயினும் அன்று பிற்பகல் முழுவதும் இஸ்திரிப் பெட்டி மேசையில் பதியும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. மாமியார் இருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "ஏற்கெனவே போட்ட சட்டைக்கே திரும்பப் போடறாரு. விட்டுடுங்க" என்றார் எங்களிடம்.

மாலையில் வெயில் இறங்கியபின் அவர் என்னை அழைத்தார். மேசையின் மீது வாண்டுவின் உடைகள் சிறிய அடுக்காக மடிக்கப்பட்டிருந்தன. அருகே, பழைய காக்கிக் காற்சட்டை ஒன்றின் காலை வெட்டித் தைத்த ஒரு சிறு பை.

"எங்கப்பா கடைசி வரைக்கும் யாரையும் வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததில்லம்மா" என்றார். "நான் பட்டாள ஒழுங்குன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

நான் அச்சிறு பையைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

"நீயும் போ. ஆனா அவ சொன்ன மாதிரி வேணாம்." அவர் என் மாமியார் இருந்த பக்கம் தலையசைத்தார். "குழந்தையை இங்க விட்டுட்டுப் போகாதே. கூட்டிட்டுப் போ. வீடு என்ன, ஓடியா போயிடப் போகுது?"

"அப்போ நீங்க எல்லாரும் மாமா?"

"நாங்க உரக்கப் பேசிக்கிட்டே இருப்போம். காலியா தெரியாது."

புறப்படும் நாளன்று காலையில் பட்டாளத்தாரின் பை என் தோளில் இருந்தது. அதனை இன்னும் பட்டாளத்தாரின் பை என்றே எழுதுகிறேன். பழகிய நாவும் கையும் உடனே திருந்துவதில்லை. கண்ணாடிப் பெட்டி வெறுமையாக இருக்கலாகாது என்று கொழுந்தனார் தம் சீப்பை அதனுள் வைத்துவிட்டார். வாண்டு தன் பையிலிருந்த பொருள்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து விசாரணை செய்துகொண்டிருந்தாள்.

"தாத்தா, இது எதுக்கு?"

மாமா அந்த ஊசியைப் பார்த்தார். ஒரு கணம் பழைய விடை அவருடைய உதடு வரை வந்திருக்கவேண்டும். "தலை முடியறதுக்கு" என்றார்.

"எனக்குத்தான் கொண்டையே இல்லையே!"

"வளரும்."

நாங்கள் மூவரும் தெருவில் இறங்கினோம். வழக்கம்போல் மற்றவர்கள் வாசற்படியில் வரிசையாக நின்றார்கள். குட்டியத்தை நாற்காலியோடு முன்னால் நகர்த்தப்பட்டிருந்தார். சில அடிகள் நடந்தபின் வாண்டு, பை கனக்கிறது என்று சிணுங்கினாள். என் கணவர் இரு கைகளிலும் பெட்டிகளோடு திரும்பினார், நானும் திரும்பினேன்.

மாமா படியின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். ஒரு காலைக் கீழே வைத்தார். ஆழம் தெரியாத நீரில் இறங்குபவரைப் போல மறுகாலையும் வைத்தார்.

"அப்பா, படி!" என்று கூவினார் கொழுந்தனார்.

"தெரியும்டா!" என்று தெரு முழுவதும் கேட்கும்படி சொல்லிவிட்டு, மாமா எங்களிடம் வந்து வாண்டுவின் பையை வாங்கித் தம் தோளில் மாட்டிக்கொண்டார். அது அவருடைய அக்குளுக்குக் கீழே இறங்கவில்லை. அவ்வாறே மாட்டிக்கொண்டு, பேத்தியின் கையைப் பிடித்தபடி, பஸ் ஸ்டாண்டு இருக்கும் திசையில் எங்களுக்கு முன்னால் நடந்தார்.